விளம்பரப் பணத்தில் வீரரின் பங்கு: எங்கள் நிலைப்பாடு

தேசிய அணிக்காக ஆடும் ஒருவரின் சட்டையிலும் ஷூவிலும் ராக்கெட்டிலும் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்றால், அந்தப் பெயருக்காக வரும் பணத்தில் ஆடுபவருக்குப் பங்கு உண்டு. சங்கம் மனமிரங்கித் தரும் வெகுமதி அல்ல அது. உழைப்புக்கு உரிய ஊதியம். அவரைக் கேட்காமல் அதைக் குறைக்கவோ நிறுத்தவோ எந்த விளையாட்டுச் சங்கத்துக்கும் உரிமை கிடையாது. தென்கொரிய பேட்மிண்டன் வீராங்கனை ஆன் சே-யங்குக்கும் அவர் நாட்டு பேட்மிண்டன் சங்கத்துக்கும் இடையே எழுந்த தகராறில் எங்கள் அமைப்பு வீராங்கனையின் பக்கம் நிற்கிறது.

2024 ஆகஸ்ட் 5 அன்று பாரிஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் சீனாவின் ஹெ பிங்ஜியாவோவை 21-13, 21-16 என்று வென்று ஆன் தங்கம் வாங்கினார். ஒலிம்பிக் ஒற்றையர் ஆட்டத்தில் கொரியாவுக்குத் தங்கம் கிடைத்து அப்போது 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1996இல் அட்லாண்டாவில் பாங் சூ-ஹியூன் வென்றதுதான் அதற்கு முந்தையது. ஆனால் பதக்கத்தைக் கழுத்தில் போட்ட அன்றே, 22 வயதான அந்தப் பெண், தன் முழங்கால் காயத்தை அணி நிர்வாகம் அலட்சியமாகக் கையாண்டது என்றும், இந்த அணியோடு இனித் தொடர்வது கடினம் என்றும் செய்தியாளர்களிடம் சொன்னார். சங்கம் பத்துப் பக்க மறுப்பு அறிக்கை வெளியிட்டது.

காயம் பற்றிய விவாதம்தான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அடுத்த சில நாட்களில் அவர் பணத்தைப் பற்றியும் பேசினார். விளம்பரப் படங்களில் நடித்துத்தான் சம்பாதிக்க வேண்டும் என்றில்லாமல், பேட்மிண்டன் ஆடியே போதிய வருமானம் பெற முடிய வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அதில் பேராசை எங்கே இருக்கிறது? அப்போது கொரிய நிறுவன அணிகளுக்கான விதிப்படி, பள்ளி முடித்து நேரே அணியில் சேருபவர் ஏழு ஆண்டுகளுக்குக் கட்டுப்பட வேண்டும். முதலாண்டுச் சம்பளம் 5 கோடி வோனைத் தாண்டக் கூடாது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டு உயர்வு 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. உலகப் பட்டம் வென்றவராக இருந்தாலும் இதே வரம்புதான். சம்பளத்துக்கு இப்படி அணை கட்டிவிட்டு, சொந்தமாக ஸ்பான்சர் தேடிக்கொள்ளும் வழியையும் அடைத்தால், ஒரு வீராங்கனை தன் திறமைக்கான விலையை எங்கே போய்ப் பெறுவார்?

கொரியப் பண்பாட்டு, விளையாட்டு அமைச்சகம் விசாரணைக்குழு அமைத்தது. 2024 செப்டம்பர் 10 அன்று வந்த அதன் இடைக்கால முடிவுகளில் ஒரு செய்தி எங்களை மிகவும் உலுக்கியது. 2017இல் சங்கத்துக்கு ஸ்பான்சர் வழியாக ஆண்டுக்கு 36.1 லட்சம் டாலர் வந்தது. அதில் 20 சதவீதத்தை, அதாவது 7.22 லட்சம் டாலரை, தேசிய அணி வீரர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்று விதி இருந்தது. 2021 ஜூனில் சங்கம் அந்த விதியை நீக்கிவிட்டது. வீரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரும்பாலானோருக்கு அப்படி ஒரு விதி நீக்கப்பட்ட விஷயமே விசாரணைக்குழு வந்து பேசியபோதுதான் தெரிந்தது. வெற்றிக்கான ஊக்கத்தொகையும் அப்படியே: பழைய ஸ்பான்சர் அதை நேரே வீரர்களுக்குத் தந்தது, புதிய ஏற்பாட்டில் அது சங்கத்தின் கைக்குப் போனது. உழுதவரைத் தள்ளி நிறுத்திவிட்டு விளைச்சலுக்கு விலை பேசுவது போன்ற வேலை இது.

ராக்கெட்டும் ஷூவும் தனியே பேசப்பட வேண்டியவை. ஒலிம்பிக், ஆசியப் போட்டிகளில் உள்ள 44 விளையாட்டுகளைக் குழு ஒப்பிட்டது. சீருடையோடு நிற்காமல், ஆட்டத்திறனை நேரடியாகத் தீர்மானிக்கும் கருவிகளிலும் ஸ்பான்சரின் பொருளையே கொரியாவில் கட்டாயமாக்கியவை பேட்மிண்டனும் குத்துச்சண்டையும் மட்டுமே. முன்னும் பின்னும் பாய்ந்து, எம்பிக் குதித்து, ஒற்றைக் காலில் இறங்கும் ஆட்டம் பேட்மிண்டன். உடல் எடை முழுவதும் முழங்காலிலும் கணுக்காலிலும் விழுகிறது. எந்த ஷூ தன் பாதத்துக்குப் பொருந்தும் என்பதை அந்தப் பாதத்துக்கு உரியவர் சொல்லட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரி அதைச் சொல்ல முடியாது.

சங்கங்களின் எதிர்வாதத்தை நாங்கள் ஒதுக்கவில்லை. ஸ்பான்சர் பணத்தில்தான் இளையோர் முகாம்கள் நடக்கின்றன, வெளிநாட்டுப் பயணங்கள் நடக்கின்றன, பெயர் தெரியாத வீரர்களுக்கும் செலவாகிறது. நட்சத்திரங்கள் தனித்தனியே பேரம் பேசினால் அந்தப் பொது நிதி வற்றும் என்கிறார்கள். இந்தக் கவலை உண்மையானது, நியாயமானதும்கூட. ஆனால் 20 சதவீதப் பங்கு இருந்த காலத்தில் மீதி 80 சதவீதம் சங்கத்திடம்தான் இருந்தது. மேலும் அந்தப் பங்கு முழு அணிக்கும் உரியது. அதை நீக்கியபோது ஓர் உலகச் சாம்பியனைவிட அதிகம் இழந்தவர்கள், வேறு வருமானம் இல்லாத அணித் தோழர்கள்தான். எளிய வீரரின் பெயரைச் சொல்லி எளிய வீரரின் பங்கையே எடுப்பதை எங்களால் ஏற்க முடியாது.

பணத்தில் மட்டும் நடந்த அநீதி அல்ல இது. பயிற்றுநரின் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது தேசிய அணி விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. தேசிய அணியில் இல்லாதவர் சர்வதேசப் போட்டியில் ஆட வேண்டுமானால் ஐந்தாண்டு அணிச் சேவையோடு ஆணுக்கு 28, பெண்ணுக்கு 27 வயது ஆகியிருக்க வேண்டும் என்றும் அப்போது விதி இருந்தது. ஆன் அணியைவிட்டு விலகியிருந்தால் உலக அரங்கே அவருக்கு மூடியிருக்கும். இப்படிப்பட்ட நிலையில் ஒருவர் சம்பளத்தைப் பற்றி எப்படிப் பேரம் பேசுவார்? அதேசமயம் சங்கத்தின் தவறுக்கு வீரர் விலை கொடுத்ததும் உண்டு. 2014இல் கொரிய வீரர்கள் லீ யோங்-டே, கிம் கி-ஜங் இருவருக்கும் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஊக்கமருந்துச் சோதனைக்கு இருப்பிட விவரத்தைச் சங்கம் சரியாகப் பதியாமல் விட்டதே காரணம் என்று தெரிந்த பிறகுதான் தடை விலகியது.

நம் நாட்டிலும் இதன் சாயல் உண்டு. 2013 இந்தியன் பேட்மிண்டன் லீக் ஏலத்தில் வீராங்கனைகள் ஜ்வாலா கட்டா, அஸ்வினி பொன்னப்பா இருவரின் அடிப்படை விலை 50,000 டாலரிலிருந்து 25,000 டாலராகக் குறைக்கப்பட்டது. தங்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்று அவர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். அந்தத் தொடரில் எழுந்த வேறொரு சச்சரவுக்காக ஜ்வாலாவுக்கு ஆயுள் தடை பரிந்துரைக்கப்பட்டது. தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவரால் மீண்டும் ஆட முடிந்தது.

கொரியாவில் ஆன் பேசியதால் பலன் கிடைத்தது என்பதையும் பதிவு செய்கிறோம். 2025 ஜனவரியில் முன்னாள் ஒலிம்பிக் சாம்பியன் கிம் டாங்-மூன் கொரியச் சங்கத் தலைவராகத் தேர்வானார். அதன்பின் ராக்கெட், ஷூ தேர்வு வீரர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அந்த ஆண்டு ஆன் 11 பட்டங்கள் வென்றார்.

எங்கள் கோரிக்கை இதுதான். ஸ்பான்சர் தொகை எவ்வளவு, அதில் வீரர் பங்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு தேசியச் சங்கமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வீரர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் அந்தப் பங்கை மாற்றக் கூடாது. கேட்காமல் நிறுத்தப்பட்ட தொகை, நிறுத்திய நாளிலிருந்து கணக்கிட்டுத் திருப்பித் தரப்பட வேண்டும். இந்தியாவில் 2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டம் சங்க நிர்வாகக் குழுக்களில் விளையாட்டு வீரர்களுக்கு இடம் அளித்திருக்கிறது, தீர்ப்பாயத்துக்கும் வழி செய்திருக்கிறது. அந்த இடங்களில் அமர்பவர்கள் முதலில் வருமானக் கணக்கைக் கேட்க வேண்டும்.

தேசிய முகாமுக்குத் தேர்வான பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். விளம்பர வருமானத்தில் பிள்ளையின் பங்கு எவ்வளவு, எப்போது கைக்கு வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.