கம்பி கட்டிய பற்களும் நம் கடமையும்



நான் செய்த ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். பேச்சுப் போட்டி என்றாலே பள்ளியில் எல்லாருக்கும் அவள் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆண்டின் நடுவில் ஒரு விடுமுறை முடிந்து திரும்பியபோது அவளுடைய பற்களில் கம்பி கட்டப்பட்டிருந்தது. வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். சகரம் வந்த இடமெல்லாம் காற்று பிசிறியது. வகரம் வந்த இடமெல்லாம் உதடு கம்பியில் உரசியது. "உச்சரிப்பில் கவனம் வேண்டும்" என்று வகுப்பே கேட்கும்படி மூன்று முறை திருத்தினேன். மாணவர்கள் சிரித்தார்கள். அவள் அமர்ந்துவிட்டாள். அந்த ஆண்டு பேச்சுப் போட்டிக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை. ஆண்டு முடியும்வரை வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினாள்.

ஒலிகள் பிறக்கும் இடங்களுள் பல்லையும் ஒன்றாகத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் எண்ணுகிறது. வகர ஒலிக்குப் பல்லும் உதடும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பதையும் அது சொல்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இதை மனப்பாடம் செய்து தேர்வெழுதியவன் நான். ஆனால் பல்லின்மீது புதிதாக உலோகம் ஏறிய ஒரு குழந்தைக்கு அந்த ஒலி சில வாரங்கள் வசப்படாது என்று வகுப்பறையில் எனக்குத் தோன்றவில்லை. படித்தது எங்கே போயிற்று?

பல் கம்பியைப் பலர் அழகுச் சாதனம் என்றே நினைக்கிறார்கள். "பணம் இருக்கிறது, கட்டுகிறார்கள்" என்று ஆசிரியர் அறையிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த எண்ணம் தவறானது. மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்துகின்றன என்பதைக் கொண்டு கோளாறுகளை வகைப்படுத்தியவர் அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்டு ஆங்கிள். 1899-ஆம் ஆண்டு அவர் வகுத்த முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. நெருக்கியடித்து வளர்ந்த பற்களைத் துலக்குவது கடினம். துருத்திய முன்பற்கள் விழுந்தால் எளிதில் உடையும். கடி பொருந்தாதவர்களுக்கு உணவை மெல்லுவதே சிரமமாகலாம்.

கம்பி வேலை செய்யும் விதத்தைப் பிள்ளைகளுக்கும் விளக்கலாம். ஒவ்வொரு பல்லிலும் ஒரு சிறு தாங்கியை ஒட்டி, அவற்றின் ஊடே ஒரு கம்பியைச் செலுத்துகிறார்கள். கம்பி மெல்ல அழுத்தும்போது, பல் நகரும் பக்கத்தில் தாடை எலும்பு கரைகிறது. பல் விட்டு வந்த பக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. எலும்பு கரைந்து வளர வேண்டியிருப்பதால்தான் இச்சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை நீடிக்கிறது. அவசரப்பட்டு அழுத்தினால் பல்லின் வேர் கெடும். ஆகவே இது பயிற்சி பெற்றவர் கையில் நடக்க வேண்டிய காரியம்.

இங்கேதான் நம் ஊரின் பெரிய ஆபத்து இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியார் மருத்துவரிடம் முறையாகக் கம்பி கட்டுவதற்குச் சில ஆயிரம் ரிங்கிட் ஆகும். சில நூறு ரிங்கிட்டுக்குக் கட்டித் தருவதாகச் சமூக ஊடகங்களில் விளம்பரம் வருகிறது. என்னிடம் படித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற ஒரு மாணவன், ஓர் அடுக்குமாடி வீட்டின் அறையில் அப்படித்தான் கட்டிக்கொண்டான். நான்கே மாதத்தில் ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது. ஒரு முன்பல் ஆடத் தொடங்கியது. அவனுடைய தாயார் என்னிடம், "சார், மலிவா கிடைக்குதுன்னு நெனச்சோம், இப்படி ஆகும்னு தெரியலையே" என்று அழுதார். அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2017-ஆம் ஆண்டு மலாக்காவில், அனுமதியின்றிப் பல் கம்பி கட்டிவந்த 20 வயதுப் பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. காணொளிகளைப் பார்த்து அவர் அத்தொழிலைக் கற்றதாகச் செய்திகள் கூறின. அபராதம் கட்ட இயலாமல் சிறை சென்ற அவருக்காகப் பொதுமக்கள் நன்கொடை திரட்டினார்கள். சில நாள்களில் அவர் வெளியே வந்தார். அந்த இரக்கத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் அத்தகையோரிடம் வாயைக் கொடுத்த பிள்ளைகளின் பற்களுக்கு யார் நன்கொடை திரட்டினார்கள்? பதிவு பெறாத இடத்தில் பல் சிகிச்சை நடத்துவது 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி குற்றம். 2018-ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டமும் 2022 முதல் நடப்பில் உள்ளது. எனினும், சட்டம் வந்து சேர்வதற்குள் பல் ஆடிவிடும். பெற்றோரே, கட்டுபவரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவில் உள்ளதா என்று பாருங்கள். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

வசதி இல்லாதவர்களுக்கு வழியே இல்லையா? உண்டு. அரசாங்கப் பல் சீரமைப்பு நிபுணர்களிடம் கட்டணம் குறைவு. கோளாறின் கடுமையைப் பார்த்து முன்னுரிமை தருகிறார்கள். பெட்டாலிங் ஜெயாவை ஒட்டியே மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் புலம் இருக்கிறது. இத்தகைய இடங்களில் காத்திருப்போர் வரிசை நீளம் என்பது உண்மைதான். அதனால்தான் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழு கொடுத்தனுப்பும் கடிதம் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கக் கூடாது.

கம்பி கட்டிய பிறகுதான் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. பெற்றோரும் ஆசிரியரும் அறிய வேண்டியவை சில:

1. ஒவ்வொரு முறை உண்டபின்னும் பல் துலக்க வேண்டும். தாங்கிக்கு மேலும் கீழும் தூரிகையைச் சாய்த்துத் துலக்கி, கம்பியின் அடியில் இடுக்குத் தூரிகையை விட வேண்டும். இல்லாவிட்டால் கம்பியைக் கழற்றும் நாளில், தாங்கி இருந்த இடத்தைச் சுற்றி நிலையான வெள்ளைத் திட்டுகள் தெரியலாம்.

2. முறுக்கு, கச்சாங் பூத்தே, கரும்பு, பனிக்கட்டி ஆகியவற்றைக் கடிக்கக் கூடாது. தீபாவளி மாதத்தில் இதைச் சொல்வது கொடுமைதான்! மஞ்சள் கலந்த கறிகள் நிறமற்ற இரப்பர் வளையங்களை மஞ்சளாக்கும்; அதைக் கண்டு அஞ்ச வேண்டாம், அடுத்த முறை மாற்றிவிடுவார்கள்.

3. இறுக்கிய சில நாள்களுக்கு வலி இருக்கும். கஞ்சியும் இட்லியும் குழைந்த சோறும் போதும். கம்பி குத்தினால் அதற்கான மெழுகை வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்; வீட்டில் நீங்களே வெட்ட வேண்டாம்.

4. கம்பியைக் கழற்றியதும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கத் தரும் தக்கவைப்புத் தகட்டைத் தவறாமல் அணிய வேண்டும். சிற்றுண்டிச்சாலையில் அதைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிவைத்து, பிறகு குப்பையோடு எறிந்துவிடும் பிள்ளைகள் உண்டு. அதற்கென ஒரு பெட்டி கொடுத்தனுப்புங்கள்.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது மிகச் சிறியது. ஓய்வு நேரம் முடிந்ததும் அந்த மாணவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். குழாயடியில் பல் துலக்கிவிட்டு வரட்டும். இறுக்கிய மறுநாள் வாய்மொழித் தேர்வு வைக்காதீர்கள். "இரும்புவாய்" என்று யாரேனும் அழைத்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உச்சரிப்பைத் திருத்த வேண்டுமானால், அருகில் அழைத்துத் தனியே திருத்துங்கள்.

அந்த மாணவியை அண்மையில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் கண்டேன். கம்பி போய்விட்டது, பற்கள் வரிசையாக இருந்தன. "வணக்கம் சார்" என்று சிரித்தாள். சிரித்த மறுகணமே, பழக்கத்தினால், அவளுடைய கை வாய்க்குப் போனது.

பற்களை மருத்துவர் நேராக்கிவிட்டார். அந்தக் கையை அங்கே வைத்தவன் நான். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு கை உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.