மாகாண சபைத் தீர்மானம் வெறும் காகிதமா?

“மாகாண சபை தீர்மானம் போட்டு என்ன கிழித்தது? கொழும்பு நினைத்ததுதான் நடக்கும்.” ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரும் பஸ்ஸில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். தோட்டத்துப் படித்த பிள்ளைகளும் இதையே சொல்வதுதான் கவலையாக இருக்கிறது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி, மாகாணங்களுக்குரிய விடயங்களின் பட்டியலான மாகாண நிரலில் உள்ள விடயத்தில் பாராளுமன்றம் கைவைக்குமுன் சட்டமூலத்தை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்ப வேண்டும். ஒரு சபை மறுத்தாலும், அந்தச் சட்டம் நாடு முழுக்கச் செல்ல மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும்.

2012இல் திவிநெகும சட்டமூலம் வந்தது. சமுர்த்தி அதிகார சபையோடு உடரட்ட அபிவிருத்தி அதிகார சபையையும் விழுங்கி, எல்லாவற்றையும் மத்திய அமைச்சின் கீழ் கொண்டுபோகும் திட்டம் அது. மாகாண சபைகளைக் கேட்காமல் நிறைவேற்ற முடியாது என்றது உயர் நீதிமன்றம். வடக்கில் அப்போது தெரிவான சபை இல்லை. ஆளுநரே சம்மதம் கொடுத்தார். அது செல்லாது என்றும் நீதிமன்றம் சொன்னது. 2013 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது, அதே மாதம் அந்தத் தீர்ப்பைத் தந்த பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவி நீக்கப்பட்டார். வெறும் காகிதத்துக்காக ஓர் அரசாங்கம் இவ்வளவு தூரம் போகுமா? எங்கள் மத்திய மாகாண சபை அந்தச் சட்டமூலத்துக்குக் கைதூக்கியது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அது கைதூக்கியவர்களின் பிழை, அதிகாரம் இல்லாததால் வந்ததல்ல.

எதிர்த் தீர்மானம் என்றாலே பிரிவினை என்பாரும் உண்டு. 1990 மார்ச்சில் வரதராஜப்பெருமாள் தலைமையில் வடக்கு கிழக்கு சபை செய்த தனிநாட்டுப் பிரகடனத்தை உதாரணம் காட்டுவார்கள். ஆனால் 2017இல் மாகாணத் தேர்தல்களை ஒரே நாளில் நடத்தும் 20ஆவது திருத்த வரைவை நிராகரித்தவற்றில் தென் மாகாண சபையும் ஊவா சபையும் இருந்தனவே, அவையும் பிரிவினை கேட்டனவா?

“நமக்குச் சம்பளம்தானே பிரச்சினை?” என்கிறார்கள். சம்பளத்தை மாகாண சபை தீர்மானிப்பதில்லை, உண்மைதான். ஆனால் நம் பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். கணித வாத்தியார் இடமாற்றம் பெற்றுப் போய், அந்த இடம் காலியாகவே கிடந்தால், சபையில் எழுந்து கேட்க மாகாண உறுப்பினர் இருந்தார். 2018 அக்டோபரில் மத்திய மாகாண சபையின் காலம் முடிந்தது. அதன்பின் சபையின் அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கைக்குப் போனது. விகிதாசாரத் தேர்தல் முறையை மாற்றிய 2017 சட்டத்தின் எல்லை மீள்நிர்ணய அறிக்கையை, 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. எல்லைகள் முடிவாகாததால் தேர்தல் அங்கேயே சிக்கிக்கொண்டது.

பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு திருத்தச் சட்டம் போதும். வாக்குக் கேட்டு லயத்துக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அதைக் கேளுங்கள்.