எல்டனாவின் செங்கற்கள்

நாலு வருடம் என் லேப்டாப் திரையில் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக்கின் ‘ஓக் காட்டில் மடாலயம்’ இருந்தது. பனி, மொட்டை மரங்கள், நடுவே ஒற்றைச் சுவராக நிற்கும் தேவாலயம், அதன் வாசலை நோக்கிச் சவப்பெட்டியோடு போகும் துறவிகள். யாராவது கேட்டால், “காலம் எல்லாத்தையும் தின்னுடும்ல” என்பேன். அந்த வாக்கியத்தை இப்போது கேட்டாலே எரிச்சல் வருகிறது. இதே படத்தைப் பகிர்ந்து இதையே எழுதுகிற நண்பர்கள் மேலும்தான்.

காலமா தின்றது? அந்தச் சுவரின் மூலம், ஃபிரீட்ரிக் பிறந்த கிரைஃப்ஸ்வால்ட் நகரை ஒட்டிய எல்டனா மடாலயம். 1199இல் சிஸ்டர்சியன் துறவிகள் நிறுவியது. மதச் சீர்திருத்தம் வந்தது, 1535இல் ஆட்சியாளர்கள் அதைக் கலைத்தார்கள். முப்பதாண்டுப் போரில் சிதைந்தது. மிச்சத்தை ஸ்வீடன்காரர்கள் தங்கள் அரண்களுக்காகச் செங்கல் செங்கலாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மழையும் காற்றும் செய்தது இதில் ரொம்பக் கொஞ்சம். எங்கள் தொழிலிலும் பழைய மென்பொருள் தானாகச் சாவதில்லை. ஏதோ ஒரு மீட்டிங்கில் யாரோ நிறுத்தச் சொல்கிறார்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து “அது காலாவதி ஆயிடுச்சு” என்கிறோம்.

1830களில் ஃபிரீட்ரிக் இன்னொரு வேலை செய்தார். பால்டிக் கடலோரத்து எல்டனாவை அப்படியே தூக்கி ரீசன்கெபிர்கே மலைகளுக்கு முன்னால் வைத்து வரைந்தார். ஓவியனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் எங்கே வேண்டுமானாலும் வைக்கக்கூடிய இடிபாட்டுக்கு விலாசம் இல்லை. விலாசம் இல்லாவிட்டால் இடித்தவன் யாரென்றும் யாரும் கேட்கப் போவதில்லை.

“ஓவியத்தைப் போய் எஃப்ஐஆர் மாதிரி படிக்கிறியே” என்பீர்கள். சரி, ஓவியத்தையே பார்ப்போம். 1810இல் பெர்லின் அகாதமியில் இது காட்சிக்கு வந்து, பிரஷ்ய மன்னர் வாங்கியபோது, எல்டனாவில் துறவிகள் இல்லாமல் போய் 270 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த ஊர்க்காரருக்கு இது தெரியாதா? தெரிந்தும் சவப்பெட்டி வைத்தார். செத்தது யாரென்று கேட்காமல் பனிமூட்டத்தை ரசித்தது நாம்தான், அவரல்ல.

1825வாக்கில் அவர் வரைந்த சின்ன எல்டனா ஓவியம் ஒன்று உண்டு. இடிந்த சுவர்களை ஒட்டி ஒரு எளிய வீடு, அதன்முன் மனிதர்கள். அழகாக இல்லை என்று முதலில் எனக்கும் தோன்றியது. போன மாதம் அதைத் திரையில் வைத்தேன். ஸ்கிரீன் ஷேர் செய்தபோது டீமில் ஒரு பையன், “அண்ணா, அது யார் வீடு?” என்றான். மடாலயத்தை நாலு வருடம் பார்த்தவர்கள் யாரும் என்னிடம் இப்படி ஒன்றும் கேட்டதில்லை.