கூண்டுக்கு மாடி போதுமா?



நீலசந்திராவின் சந்துகளில் நடந்து பாருங்கள். 20க்கு 30 அடி மனையிலும் மூன்று, நான்கு மாடிகள் எழும்பி நிற்கின்றன. நிலம் குறைவானால் மனிதன் மேலே கட்டுகிறான். பிள்ளைகள் ஆசையாய்க் கேட்ட கினிப் பன்றிகளுக்குக் கூண்டு செய்யும்போதும் நமக்கு இதே யோசனைதான் தோன்றும். ஓரறை வாடகை வீட்டில் வேறு இடம் ஏது? ஆனால், இந்த யோசனைக்குள் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது.

கினிப் பன்றி அணிலைப்போல் ஏறும் பிராணியன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டார் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வீட்டில் வளர்க்கத் தொடங்கிய, தரையில் ஓடித் திரியும் ஜீவன் அது. சற்று உயரத்திலிருந்து விழுந்தாலும் அதன் கால் முறியக்கூடும். ஆகையால் மேல்தளங்கள் உபரி மாத்திரமே. கீழ்த்தளம் ஒன்றே இரண்டு பிராணிகளுக்குப் போதுமானதாயிருக்க வேண்டும். 4 அடி நீளமும் 2 அடி அகலமும் குறைந்த அளவு. இரண்டு என்பதற்குக் காரணம் உண்டு: அது கூட்டமாய் வாழும் ஜீவன். சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டின் விதிகளால் அதைத் தனியே வளர்ப்பதைத் தடுத்தது. நம் தேசத்தின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், நடமாட இடமில்லாத கூண்டில் பிராணியை அடைப்பதைக் குற்றம் என்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் ஏறக்குறைய இரண்டு மாதங்களில் குட்டிகள் பிறக்கும் என்பதையும் வாங்கும்போதே நினைவில் வையுங்கள்.

இனிக் கட்டும் முறை. சட்டத்துக்குப் பழைய மரக்கட்டைகள் போதும். வர்ணமோ பூச்சி மருந்தோ பூசப்பட்டதாக இருக்கலாகாது, ஏனெனில் அது எதையும் கடிக்கும். பக்கங்களுக்கும் கூரைக்கும் அரை அங்குலக் கம்பி வலை அடியுங்கள். நம் தெருப் பூனைகளும் பெருச்சாளிகளும் உள்ளே நுழையாது. தரைக்கு மட்டும் வலை வேண்டாம்; பாதம் புண்ணாகும். பலகையின்மேல் மீந்துபோன தரை ஓடுகளைப் பதித்தால் சிறுநீர் ஊறாது, கோடையிலும் குளிர்ச்சி தரும். தளத்துக்குத் தளம் ஓரடி உயரம் போதும். சரிவுப் பலகை இரண்டு அடிக்குக் குறையாமல், இருபுறமும் தடுப்புடன், வழுக்காதபடி துணி ஒட்டியதாக இருக்கட்டும். மேல்தள விளிம்பில் 2 அங்குலக் கட்டை அடித்தால் அழுக்கு கீழே சிந்தாது.

கட்டுவது ஒருநாள் வேலை. சுத்தம் செய்வதோ அதன் ஆயுள் முழுவதும், அதாவது ஐந்து முதல் எட்டு ஆண்டுகள். சிறுநீரிலிருந்து எழும் அமோனியா அதன் நுரையீரலைக் கெடுக்கும். அதே அறையில் உறங்கும் நம் பிள்ளைகளுக்கும் நல்லதல்ல. தினமும் புழுக்கைகளையும் நனைந்த துணியையும் அகற்றி, தண்ணீர்ப் புட்டியைக் கழுவுங்கள். சனிக்கிழமை மாலையில் பிராணிகளை ஒரு பெட்டியில் மாற்றிவிட்டு, கூண்டை வெந்நீரும் சோப்பும் கொண்டு தேய்த்துக் கழுவி நன்றாய்க் காயவையுங்கள். தரையில் படியும் வெள்ளைக் கறை சுண்ணாம்புச் சத்து. சம அளவு தண்ணீர் கலந்த வினிகரில் அது கரையும். பினாயில் வேண்டாம். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். அது வினிகரோடும் சிறுநீரோடும் சேர்ந்தால் நச்சுவாயு உண்டாகும்.

உணவில் முதலிடம் புல்லுக்கும் உலர்புல்லுக்கும். ஓயாமல் வளரும் அதன் பற்கள் அதனால்தான் தேயும். மனிதனைப் போலவே அதன் உடலும் வைட்டமின் சி-யை உண்டாக்காது. 1907இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் இப்பிராணியில்தான் ஸ்கர்வி நோயைக் கண்டார்கள். ஜான்சன் மார்க்கெட்டில் வாங்கும் குடைமிளகாய்த் துண்டு தினமும் ஒன்று, இடையிடையே கொய்யா கொடுத்தால் போதும். ஏப்ரல் வெயிலில் தகரக் கூரையின்கீழ் கூண்டை வைக்காதிருங்கள். 27 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமே அதற்கு ஆபத்து.

அது நோயை மறைக்கும் பிராணி, அழுது சொல்லாது. ஆகையால் வாரந்தோறும் எடை பார்த்துப் பிள்ளைகளே எழுதி வைக்கட்டும். ஒருநாள் உண்ணாதிருந்தாலும் காத்திராமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பிரியமானவர்களே, பிள்ளைகளின் உற்சாகம் இரண்டு வாரத்தில் தணியும். பின்பு பாரம் முழுவதும் தாயின்மேல் விழும். நாம் சொந்த ஊருக்குப் போகும் நாட்களில் கூண்டைக் கழுவுவது யார்? வீட்டார் அனைவரும் உட்கார்ந்து, இன்னார் இன்ன நாளில் என்று எழுதி அதைச் சுவரில் ஒட்டுங்கள். அந்தத் தாளில் எல்லாப் பெயர்களும் நிரம்பிய பின்பு மரத்தை அறுக்கத் தொடங்குங்கள்.