வீடுதான் ஆபீஸ்! பெட்ரோல் காசுக்கும் வரியா? நெல்லை "ரெப்"கள் உஷாராக இருக்க வேண்டிய கணக்கு

நெல்லை:-

பாளை பெருமாள்புரத்தில் ஒரு மெடிக்கல் ரெப் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை 8 மணிக்கு பைக்கை கிளப்புகிறார். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பை, விக்கிரமசிங்கபுரம் என்று தாமிரபரணிக் கரையோரமாக டாக்டர்களைப் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறார்.

கம்பெனி மும்பையில். நெல்லையில் ஒரு போர்டு கூட கிடையாது. வீடுதான் ஆபீஸ்!

தினம் 90 கிலோ மீட்டர். மாதம் 25 நாள். லிட்டருக்கு 45 கிலோ மீட்டர் ஓடினால் 50 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 5 ஆயிரம், வருடம் 60 ஆயிரம் ரூபாய் புகையாகப் போகிறது.

இந்தக் காசுக்கும் வரி கட்ட வேண்டுமா? இங்குதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் இருந்து ஆபீசுக்குப் போய் வருவது சொந்த வேலை. அதற்கு மாதம் 1,600 ரூபாய் வரை இருந்த சலுகையும் 2018 ஏப்ரலில் பொதுவாக எடுக்கப்பட்டது. அதற்குப் பதில்தான் நிலையான கழிவு வந்தது.

ஆனால் கம்பெனி வேலையாக ஊர் சுற்றுவது வேறு. அதற்கென்று கம்பெனி "பயணப்படி" கொடுத்தால், உண்மையில் செலவான தொகைக்கு வரி இல்லை. 1961-ம் வருட வருமான வரிச் சட்டத்தின் 10(14) பிரிவு சொன்னது இதுதான். 2020-ல் வந்த புதிய வரி முறையிலும் இந்தச் சலுகை பிழைத்துக்கொண்டது.

ஆபீசே இல்லாதவருக்கு வாசல்படி தாண்டினாலே டூட்டிதான். ஆனால் நியமனக் கடிதத்தில் "தலைமையிடம் நெல்லை" என்று இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

கொக்கி எங்கே?

கம்பெனி தனியாகப் படி தராமல், "எல்லாம் சம்பளத்திலேயே அடக்கம்" என்று சொல்லிவிட்டால் போச்சு! கைக்காசு போட்டு பெட்ரோல் அடித்தவர் அதைத் தனியாகக் கழிக்க முடியாது.

முன்பு அப்படி இல்லை. சொந்த வண்டியை வேலைக்கு ஓட்டும் சம்பளக்காரருக்குத் தனிக் கழிவு இருந்தது. 1974-ம் வருட நிதிச் சட்டம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நிலையான கழிவாக்கியது. ஆபீசில் ஃபேனுக்குக் கீழே இருப்பவருக்கும் வெயிலில் வண்டி ஓட்டுபவருக்கும் ஒரே கழிவு!

இங்கிலாந்தில் 2002 முதல் வேலைக்கு ஓட்டும் சொந்த மோட்டார் சைக்கிளுக்கு மைலுக்கு 24 பென்ஸ் என்று கணக்கு. முதலாளி குறைத்துக் கொடுத்தால் மீதிக்கு வரிச் சலுகை கேட்கலாம். அமெரிக்காவிலோ தொழிலாளியின் கைச்செலவுக் கழிவை 2018-ல் நிறுத்திவிட்டார்கள்.

யாருக்கு அடி?

2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு வரியே இல்லை. ஆகவே சின்ன ரெப்புக்கு இதில் வரிப் பயம் இல்லை. அடி விழுவது அதைத் தாண்டும் மேனேஜர்களுக்கும், வீட்டுக் கடனுக்காகப் பழைய முறையில் தங்கியவர்களுக்கும்தான்.

பழைய முறையில் 20 சதவீத வரி கட்டுபவருக்கு அந்த 60 ஆயிரத்துக்கு மட்டும் கூடுதல் வரியோடு 12,480 ரூபாய் போகும். கிட்டத்தட்ட இரண்டரை மாத பெட்ரோல்!

வரி கட்டாதவரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. படி தராத கம்பெனியில் பெட்ரோல் அவர் பாக்கெட்டில் இருந்துதானே போகிறது?

என்ன செய்யலாம்?

சம்பளச் சீட்டில் பயணப்படியைத் தனி வரியாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். தேதி, போன ஊர், கிலோ மீட்டர், செலவு இந்த நாலையும் ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். பங்க் ரசீதை வீசாதீர்கள்.

2025-ம் வருடப் புதிய வருமான வரிச் சட்டத்துக்கு அமல் தேதி 2026 ஏப்ரல் 1. பிரிவு எண்கள் மாறலாம். ஆனால் "செலவுக்குக் கணக்கு எங்கே?" என்று கேட்டால், நீட்டுவதற்கு அந்த நோட்டு வேண்டும், அண்ணாச்சி!