கணக்கில் வராத காயங்கள்

மேற்கு தில்லியில் உள்ள கீர்த்தி நகர் மரச்சாமான் சந்தை வட இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. சோபாவும் கட்டிலும் வாங்க வருவோர் கண்ணாடிக் கதவு போட்ட காட்சிக் கூடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அந்தக் கூடங்களுக்குப் பின்னால் உள்ள சந்துகளில்தான் உண்மையான வேலை நடக்கிறது. அங்கு இன்று உளி, சுத்தியல் ஓசையைவிட அதிகமாகக் கேட்பது கம்ப்ரஸரின் இரைச்சலும், அதனூடே 'டப், டப்' என்று விட்டுவிட்டு எழும் வெடிப்போசையும்தான். காற்றழுத்தத்தால் இயங்கும் ஆணித் துப்பாக்கியின் ஓசை அது.

மெத்தைத் துணியைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு பின்னிலிருந்து, ஏற்றுமதிச் சரக்கைத் தாங்கும் மரப் பலகைத் தட்டுகளை இணைக்கும் நீண்ட ஆணி வரை எல்லாவற்றையும் இக்கருவியே அடிக்கிறது. சுத்தியலால் நான்கைந்து அடி தேவைப்படும் ஆணியை ஒரு நொடிக்குள் மரத்தில் புதைத்துவிடும். விரல் நுனி நசுங்குவதும், தோள் வலிப்பதும் குறைந்துள்ளன. தச்சர்களுக்கு இது வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பெயரிலேயே துப்பாக்கி இருக்கும் ஒரு கருவிக்கு, அதன் தன்மைக்கேற்ற எச்சரிக்கை இந்த நாட்டில் இருக்கிறதா என்ற கேள்வி எழாமல் இல்லை.

கருவியின் அமைப்பைச் சற்று விளங்கிக்கொள்வது அவசியம். ஆணித் துப்பாக்கியில் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, விரலால் இழுக்கும் விசை. மற்றொன்று, மரத்தின் மீது அழுத்தினால் மட்டுமே உள்வாங்கும் முனை. இரண்டும் சேர்ந்தால்தான் ஆணி பாயும். எந்த வரிசையில் சேர வேண்டும் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. ஒரு வகைக் கருவியில் முதலில் முனையை அழுத்தி, பிறகு விசையை இழுக்க வேண்டும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டு மீண்டும் தொடங்க வேண்டும். மற்றொரு வகையில் விசையை இழுத்துப் பிடித்தபடியே இருக்கலாம். முனை எதன் மீது பட்டாலும் ஆணி பாயும். அது மரமாகவும் இருக்கலாம், அருகில் நிற்பவரின் தொடையாகவும் இருக்கலாம். ஆணி அடித்த அதிர்ச்சியில் கருவி துள்ளி மீண்டும் மரத்தில் பட்டால், கேளாமலேயே இரண்டாவது ஆணியும் வெளிவரும். பலகையைப் பிடித்திருக்கும் இடது கையில் ஆணி ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அமெரிக்காவில் மர வீடு கட்டும் தொழிலில் இக்கருவி பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருப்பதால், அங்கு கணக்கும் இருக்கிறது. 2001 முதல் 2005 வரை ஆண்டொன்றுக்குச் சராசரியாக 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயங்களுடன் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்ததாக அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007-இல் தெரிவித்தது. 2011-இல் அந்நாட்டின் பணிப் பாதுகாப்பு அமைப்புகள் இரண்டு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி நூல், தொட்டால் பாயும் வகைக் கருவியில் காயமடையும் வாய்ப்பு வரிசை முறைக் கருவியைப்போல் இரு மடங்கு என்கிறது. பாதிக்கும் மேற்பட்ட காயங்கள் கையிலும் விரல்களிலும்தான். பயிற்சித் தச்சர்களில் ஐந்தில் இருவர் நான்கு ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது காயம் பட்டிருந்தனர்.

"வேகம் குறைந்துவிடுமே" என்பதுதான் பட்டறை உரிமையாளர்களின் வழக்கமான பதில். அந்த நூலே இதற்கு விடை தருகிறது. அனுபவம் வாய்ந்த தச்சர்கள் பத்துப் பேரை ஒரே அளவுள்ள இரண்டு சிறிய மரக் கொட்டகைகளை இருவகைக் கருவிகளாலும் கட்டச் செய்து பார்த்தார்கள். தொட்டால் பாயும் கருவி ஆணி அடிக்கும் நேரத்தை 10 சதவீதம் குறைத்தது உண்மைதான். ஆனால் அளப்பது, அறுப்பது, பொருத்துவது எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது மொத்த நேரத்தில் மிச்சமானது 1 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு சதவீத நேரத்துக்காக ஒரு கையைப் பணயம் வைக்க எந்த உரிமையாளரும் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளமாட்டார். எனினும் பீஸ் கணக்கில் கூலி பெறும் தொழிலாளியின் மனம் வேறு விதமாகக் கணக்குப் போடுகிறது. அவருக்கு ஒவ்வொரு நொடியும் காசு. முனையைக் கம்பியால் கட்டி நிரந்தரமாக உள்வாங்கச் செய்துவிடும் பழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதை அறியாமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

பராமரிப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பெரும்பாலான கருவிகள் சதுர அங்குலத்துக்கு 70 முதல் 120 பவுண்டு அழுத்தத்துக்குள் இயங்குபவை. கம்ப்ரஸர் தொட்டியில் அதைவிடக் கூடுதலாகக் காற்று சேரக்கூடும் என்பதால் இடையில் அழுத்தச் சீராக்கி இருந்தே ஆக வேண்டும். தொட்டியின் அடியில் சேரும் நீரை நாள்தோறும் வடிக்க வேண்டும். இல்லையெனில் ஈரக்காற்று கருவிக்குள் புகுந்து துருவை உண்டாக்கும். காற்று நுழையும் வாயில் இக்கருவிகளுக்கென்றே உள்ள எண்ணெயை ஓரிரு சொட்டு விட வேண்டும். முனையின் ஸ்பிரிங் தூசு படிந்து சிக்கிக்கொண்டால், முனை உள்வாங்கியபடியே நின்றுவிடும். பிறகு விசை ஒன்றுதான் தடை. ஆணி சிக்கினால் காற்றுக் குழாயைக் கழற்றாமல் கை வைக்கக் கூடாது.

குழாயைக் கழற்றுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. குழாயைப் பிரித்த உடனே கருவிக்குள் மிச்சமுள்ள காற்று தானாக வெளியேறும் வகையில், அடைப்பான் இல்லாத திறந்த இணைப்பான்தான் கருவியின் பக்கம் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். மாற்றிப் பொருத்திவிட்டால், குழாய் கழன்ற பின்னும் கருவிக்குள் ஓர் ஆணிக்குப் போதுமான காற்று அடைபட்டிருக்கும். "குழாயைத்தான் கழற்றிவிட்டேனே" என்று நம்பி முனையைத் தன் பக்கம் திருப்பிப் பார்ப்பவருக்கு நேரும் விபத்து இது. பழைய உதிரிபாகக் கடையில் கிடைத்த கப்ளிங்கைப் போட்டு ஒப்பேற்றும் பட்டறைகளில் இதை யார் சோதிக்கிறார்கள்?

கம்ப்ரஸர் பழுதானால் பக்கத்து வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் சிலிண்டரை இணைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் அதைவிட ஆபத்தானது. எண்ணெய் படிந்த கருவிக்குள் அழுத்தப்பட்ட ஆக்சிஜன் புகுந்தால் அது வெடித்துச் சிதறும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், காற்றழுத்தத்தில் இயங்கும் சாதனங்களில் பாதுகாப்பான அழுத்த அளவு மீறப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றே கூறியது. மின்சாரம் பயன்படுத்தும் இடமானால் 10 தொழிலாளர்கள் இருந்தாலே அது தொழிற்சாலை. அச்சட்டத்தையும் சேர்த்து 13 சட்டங்களை ஒன்றாக்கிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு, 2020 செப்டம்பர் 22-இல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. எட்டு உறுப்பினர்களின் இடைநீக்கத்தைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் மாநிலங்களவையைப் புறக்கணித்திருந்த நேரம் அது. கோடிக்கணக்கான தொழிலாளர்களின் கை, கால், கண் தொடர்பான ஒரு சட்டம் எதிர்வரிசை காலியாக இருந்த அவையில் குரல் வாக்கெடுப்பில் முடிந்தது. இதில் இரு தரப்புக்குமே பெருமை கொள்ள ஏதுமில்லை.

ஐந்தாண்டுக் காத்திருப்புக்குப் பின் 2025 நவம்பர் 21-இல் அது நடைமுறைக்கு வந்தது. புதிய தொகுப்பில் மின்சாரம் பயன்படுத்தும் தொழிற்சாலைக்கான வரம்பு 20 தொழிலாளர்களாக உயர்ந்துவிட்டது. பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்பது சாதாரணத் தொழிற்சாலைகளில் 500 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான். பத்துப் பேர் இருந்தால் 'நிறுவனம்' என்ற அளவில் பொதுவான கடமைகள் பொருந்தும். அதற்குக் கீழே, அபாயகரமான பணி என்று அரசு அறிவித்தாலொழிய, சட்டத்தின் கை நீளாது. ஆணித் துப்பாக்கி அதிகம் புழங்குவது ஐந்து பேர், ஆறு பேர் வேலை செய்யும் பட்டறைகளில் என்பது சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரியாததல்ல.

கணக்கெடுப்பின் நிலையும் இதுதான். விபத்தினால் 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால்தான் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பழைய சட்டத்தின் விதி. புதிய தொகுப்பும் அதையே வைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளங்கையில் ஆணி ஏறியவர் குறடால் அதைப் பிடுங்கி, துணி சுற்றிக்கொண்டு மறுநாளே வேலைக்கு வந்துவிடுகிறார். வராவிட்டால் கூலி இல்லை. ஆணி வரிசையைப் பிணைத்திருந்த கம்பியோ பிளாஸ்டிக்கோ பசையோ காயத்துக்குள் தங்கிச் சீழ் பிடிக்கும் என்பதும், தானாகப் பிடுங்குவது நரம்பையும் மூட்டையும் மேலும் கிழிக்கும் என்பதும் அவருக்குச் சொல்லப்படுவதில்லை. விரல் மடங்காமல் போவது சில வாரங்களுக்குப் பிறகு தெரியும். எந்த ஏட்டிலும் அது விபத்தாகப் பதிவாகியிருக்காது. அவையில் தொழிற்சாலை விபத்துகள் பற்றிக் கேள்வி எழும்போது அமைச்சர்கள் படிப்பது, பதிவான தொழிற்சாலைகளிலிருந்து மாநில அரசுகள் தரும் எண்ணிக்கையைத்தான்.

இழப்பீட்டுச் சட்டத்துக்கு மட்டும் கணக்கு துல்லியமாகத் தெரியும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை, மறு கண் நன்றாக இருக்கும் நிலையில் ஒரு கண்ணின் பார்வை போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்றது. கட்டை விரல் போனாலும் அதே 30 சதவீதம்தான். ஒற்றைக் கண்ணோடு பலகையின் மட்டம் பார்க்க வேண்டிய தச்சருக்கு எஞ்சிய 70 சதவீதத் திறன் எங்கிருந்து வரும் என்பதை அட்டவணை விளக்கவில்லை. அந்தக் கண்ணைக் காத்திருக்கக்கூடிய பாதுகாப்புக் கண்ணாடியின் விலையோ ஒரு நாள் கூலியைவிடக் குறைவு.

சிறு இடங்களுக்குள் சட்டம் நுழையவே முடியாது என்ற வாதத்தை நாடாளுமன்றமே ஒருமுறை மறுத்திருக்கிறது. பசுமைப் புரட்சியின்போது வட மாநிலங்களில் பரவிய கதிரடிக்கும் இயந்திரங்களில் விவசாயத் தொழிலாளர்கள் கைகளை இழந்தார்கள். களத்துமேட்டுக்கு ஆய்வாளரை அனுப்ப முடியாது என்பதை உணர்ந்து, 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் சட்டம் இயற்றப்பட்டது. கதிரை ஊட்டும் பகுதி பாதுகாப்பான அமைப்பில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பு தயாரிப்பாளர் மீதும் விற்பவர் மீதும் வைக்கப்பட்டது. அமலாக்கத்தில் அச்சட்டம் சோடைபோனது வேறு கதை. ஆனால் அணுகுமுறை சரியானது.

அதே வழி இன்றும் திறந்திருக்கிறது. புதிய தொகுப்பின் 8-ஆவது பிரிவு, ஒரு பொருளை வடிவமைப்பவர், தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், வழங்குபவர் ஆகியோருக்கு அது பாதுகாப்பானதாக இருப்பதை உறுதி செய்யும் கடமையைச் சுமத்துகிறது. ஆணி அடிக்கும் கருவிகளுக்கென 2017-ஆம் ஆண்டின் சர்வதேசத் தரநிலையும் இருக்கிறது. வரிசை முறை விசையுடனும் சரியான இணைப்பானுடனும்தான் கருவி விற்கப்பட வேண்டும், பயன்படுத்துபவர் படிக்கும் மொழியில் படத்துடன் குறிப்பு இருக்க வேண்டும் என்று விதிப்பதற்கு ஆயிரம் ஆய்வாளர்கள் தேவையில்லை. துறைமுகத்திலும் மொத்த வியாபாரியிடமும் பார்த்தால் போதும்.

மத்திய அரசின் கையில் இன்னொரு வாய்ப்பும் உள்ளது. 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் சேர்க்கப்பட்ட 18 தொழில்களில் தச்சும் ஒன்று. நாளுக்கு ரூ.500 உதவித்தொகையுடன் 5 முதல் 7 நாள் அடிப்படைப் பயிற்சியும், கருவிகள் வாங்க ரூ.15,000 வரை உதவியும் உண்டு. நவீனக் கருவிகளைத் தச்சரின் கையில் கொடுக்க விரும்பும் அரசு, அந்தப் பயிற்சியில் அரை நாளை ஒதுக்கி, பிடிக்கும் கை முனையிலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பதிலிருந்து குழாயைக் கழற்றும் முறை வரை கற்பித்தால் என்ன குறைந்துவிடும்? அந்தத் தொகையிலேயே ஒரு கண்ணாடியையும் காதடைப்பானையும் கட்டாயமாக்கலாம்.

2023-இல் திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு நாகபுரித் தேக்கு வந்தது, மரச்சாமான்கள் மும்பையில் உருவாயின என்று அரசே பெருமையுடன் அறிவித்தது. அந்த இருக்கைகளில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களில் ஒருவராவது அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரத்தில், விஸ்வகர்மா திட்டத்தில் பயிற்சி பெற்ற தச்சர்களில் எத்தனை பேருக்குக் காற்றழுத்தக் கருவிகளின் பாதுகாப்பு கற்பிக்கப்பட்டது, 8-ஆவது பிரிவின் கீழ் எத்தனை இறக்குமதியாளர்களிடம் விளக்கம் கேட்கப்பட்டது என்ற இரண்டு விவரங்களைக் கேட்டுப் பெறலாம்.