வாழைமர நோட்டு

பணவீக்கம் என்று பேச்செடுத்தால் நம் இலக்கியக் கட்டுரைகளில் தவறாமல் வந்து நிற்பது 1923ஆம் ஆண்டு ஜெர்மனிதான். அதற்குச் சற்றும் குறையாத ஒரு காகிதப் பணம் கடல்கடந்த தமிழர் வாழ்விலும் புகுந்து வெளியேறியது. 1942 முதல் 1945 வரை மலாயாவில் ஜப்பானியர் புழங்கவிட்ட நோட்டைச் சொல்கிறேன். பத்து டாலர் தாளில் வாழைமரம் இருந்ததால் வாழைமர நோட்டு என்றே பெயர் நிலைத்தது. தொடக்கத்தில் வரிசை எண்ணாவது இருந்தது. பிறகு அந்த மரியாதையும் போயிற்று.

ஜெர்மனியில் மைய வங்கி அச்சடித்து மாளாத நிலையில் நகராட்சிகளே அவசரத் தாள்களை வெளியிட்டன. பீலஃபெல்ட் நகரம் பட்டுத்துணியில்கூட அச்சிட்டது. அவையும் மதிப்பிழந்தன என்பது வேறு விஷயம். ஆனால் கொடுத்தவன் ஊர்க்காரன். போய் நின்று கேட்க நகரமன்ற வாசல் இருந்தது. எங்கள் பொழிச்சலூரில் சனிக்கிழமை அகத்தீஸ்வரர் கோயில் கூட்டத்தில் சில்லறை தீர்ந்து, பெட்டிக்கடைக்காரர் மிட்டாய் கொடுத்து அனுப்பிய காலம் உண்டு. (கைபேசியில் பணம் கட்டத் தொடங்கியபின் அந்த இனிப்பும் போயிற்று.) அதுவும் ஒருவகை நகராட்சி நோட்டுதான். வாழைமர நோட்டுக்கு அப்படியொரு வாசல் இல்லை. வாங்க மறுத்தால் தண்டனை. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் செல்லாக்காசு.

போருக்கு முன் நல்ல டாலரில் பெற்ற கடனை இந்தத் தாளில் அடைத்துப் பலர் பத்திரத்தை மீட்டுக்கொண்டார்கள். செட்டியார் கிட்டங்கியின் மேலாள் வாய்மூடி வரவு வைக்க வேண்டியதுதான். லேவாதேவிக்காரனுக்கு இது வேண்டும் என்று நம் முற்போக்கு நண்பர்கள் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் சேர்த்துவைத்ததும் அதே தாள்தானே! ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' இந்த வட்டிக்கடை உலகிலிருந்து எழுந்த நாவல். நாமோ அவரைப் போரையும் சாகசத்தையும் எழுதியவராக மட்டுமே படித்துவருகிறோம்.

1948இல் மலாயாவில் ஒரு சட்டம் வந்தது. எந்த மாதம் செலுத்திய வாழைமர நோட்டுக்கு உண்மையில் என்ன மதிப்பு என்று அட்டவணை போட்டு, பழைய கடன்களைத் திரும்பக் கணக்கிட்டார்கள். கடன் கொடுத்தவருக்கு அந்த அளவுக்காவது வழி பிறந்தது. சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளிக்கு அந்த வழியும் இல்லை. அவன் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லாததால் அட்டவணையும் அவனுக்கு உதவவில்லை.